சருகுமானும் வௌவால் வீரனும்

தோற்றுவாய்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய முற்படுவோர் அதன் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் அரசாங்கக் கோப்புகளையும் தேடிச் செல்வர். அரசர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் வரி வாங்கிய கணக்கும் அங்கே கிடைக்கும். ஆனால், அச்சமுதாயம் தன் குழந்தைகளை எதைச் சொல்லிச் சிரிக்க வைத்தது, எதைச் சொல்லி அச்சம் போக்கியது, யாரை வீரன் என்று காட்டியது என்பவற்றை அறிய வேண்டுமாயின், அதன் சிறுவர் கதைகளையே நாட வேண்டும். பாட்டி மடியில் பிறந்த கதை ஏட்டில் ஏறி, அச்சில் வந்து, பின்னர்த் திரையில் அசையத் தொடங்கியது. இம்மூன்று நிலைகளையும் கடந்து வந்த கதைகள் மலேசிய மண்ணிலும் உண்டு.

2025ஆம் ஆண்டில் ‘கெலுவாங் மேன்’ என்னும் மலாய்த் திரைப்படம் திரையரங்குகளுக்கு வந்தது. 1998இல் மலேசியத் தொலைக்காட்சியின் முதல் அலைவரிசையில் சித்திரத் தொடராக வெளிவந்து, அக்காலச் சிறுவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்ட கதையின் மறுபிறப்பு அது. அன்று கோடுகளாலும் வண்ணங்களாலும் ஆன வீரன், இன்று நடிகரின் உடலைப் பெற்றான். அன்று தொலைக்காட்சியின் முன் தரையில் அமர்ந்திருந்த சிறுவர்கள், இன்று தம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரையரங்கினுள் நுழையும் வயதினர். ஒரு கார்ட்டூன் கதை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறிய நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சியின் வேர் ஜொகூர் மாநிலத்தில் இருக்கிறது. அவ்வேருக்கும் கீழே மற்றொரு வேர் உண்டு. அது தமிழ்மொழியைத் தொட்டுச் செல்கிறது. இவ்விரண்டையும் தமிழாசிரியரும் மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

தமிழிலிருந்து சென்ற கதைகள்

மலாய் மக்களின் சிறுவர் கதைகளில் தலைமை பெறுவது ‘சாங் கஞ்சில்’ எனப்படும் சருகுமான். முயலினும் சற்றே பெரிய உருவமும், பென்சில் பருமனுள்ள கால்களும் கொண்ட இச்சிற்றுயிர், புலியையும் முதலையையும் மலைப்பாம்பையும் தன் மதியால் வெல்கிறது. ஆற்றைக் கடக்க விரும்பிய சருகுமான், அரசன் ஆணைப்படி முதலைகளை எண்ண வந்திருப்பதாகக் கூறி, அவற்றை வரிசையாக நிற்கச் செய்து, ஒவ்வொன்றின் முதுகிலும் தாவி எண்ணியபடியே அக்கரை சேர்ந்துவிடும் கதையை அறியாத மலேசியக் குழந்தை இல்லை எனலாம். இதே கருவை 712ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற சப்பானியரின் ‘கோசிக்கி’ என்னும் பழநூலிலும் காணலாம். அங்கே எண்ணுவது முயல், அவ்வளவே வேறுபாடு.

வலிமை குன்றியது அறிவால் வலியதை வெல்லும் என்னும் இக்கருத்து பஞ்சதந்திரக் கதைகளின் உயிர்நாடி. சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்று அதன் நிழலையே பகையெனக் காட்டிக் குதிக்கச் செய்த சிறுமுயலைத் தமிழ் மாணவர் தொடக்கப்பள்ளியிலேயே அறிவர். அந்த முயலும் இந்தச் சருகுமானும் ஒரே குணத்தின் இரு வடிவங்கள்.

பஞ்சதந்திரம் மலாய்மொழிக்குப் பல வழிகளில் வந்தது. அவற்றுள் ஒரு வழி நேரே தமிழிலிருந்து வந்தது. மலாக்காவில் 1796இல் பிறந்தவரும், புதிய மலாய் இலக்கியத்தின் முன்னோடி எனப் போற்றப்படுபவருமான முன்ஷி அப்துல்லா, 1835இல் தமிழிலிருந்து பஞ்சதந்திரக் கதைகளை மலாயில் பெயர்த்து ‘இக்காயத் பஞ்ச தந்திரன்’ என்னும் பெயரில் தந்தார். வணிகக் கணக்குகளில் தமிழ் வழங்கிய மலாக்காவில், அவர் இளமையிலேயே ஆசிரியரிடம் தமிழ் கற்றவர். அவருடைய மகன் முகமது இப்ராகிம் முன்ஷி பிற்காலத்தில் ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்து, தாம் மேற்கொண்ட பயணங்களை நூலாகவும் எழுதினார். தந்தை தமிழ்க் கதையை மலாய்க்குத் தந்தார். மைந்தர் ஜொகூரின் ஆட்சிப்பணியில் எழுதுகோல் பிடித்தார்.

எனவே, இந்நாட்டுச் சிறுவர் கதைச் செல்வத்தில் தமிழுக்குப் பங்குண்டு என்று கூறுவது பெருமைக்காகச் சொல்லப்படும் கூற்றன்று. ஆண்டும் பெயரும் உடைய வரலாற்றுச் செய்தி.

ஆனந்தம் சேவியரின் அரும்பணி

ஏட்டில் இருந்த சருகுமான் திரையில் அசையத் தொடங்கியது எப்போது? இவ்வினாவிற்கு விடை காணும்போது ஒரு பெயர் முன்னே வந்து நிற்கிறது. அப்பெயர் ஆனந்தம் சேவியர்.

1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு என்னும் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டது. அதுவே பின்னாளில் ‘பிலேம் நெகாரா மலேசியா’ எனப் பெயர் பெற்றது. அரசின் செய்திப்படங்களையும் விளக்கப்படங்களையும் உருவாக்குவது அதன் பணி. திரை கட்டிய ஊர்திகள் சிற்றூர்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்று, திறந்த வெளியில் படம் காட்டிய காலம் அது. தொலைக்காட்சி இந்நாட்டில் 1963 திசம்பர் 28ஆம் நாள் தொடங்குவதற்கு முன்னர், தோட்டப்புறத் தமிழ்ச் சிறுவர் பலர் அசையும் படத்தை முதன்முதலாகக் கண்டது இத்தகைய திறந்தவெளித் திரைகளில்தான்.

அந்நிறுவனத்தில் அரங்க அமைப்பாளராகப் பணியாற்றியவர் ஆனந்தம் சேவியர். பெயரே அவருடைய இந்திய வேரைக் காட்டி நிற்கும். சித்திரப்படக் கலையை முறையாகக் கற்பிக்கும் கல்லூரி எதுவும் அன்று இந்நாட்டில் இல்லை. அந்நிலையில், சருகுமான் கதையை எடுத்துக்கொண்டு ‘இக்காயத் சாங் கஞ்சில்’ என்னும் குறும்படத்தை 1978இல் அவர் உருவாக்கினார். மலேசியாவின் முதல் சித்திரக் கதைப்படம் அதுவே.

அவ்வுழைப்பின் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். திரைப்படச் சுருளில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இருமுறை படம் பிடித்தாலும், ஒரு நொடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். ஒரு நிமிடத்திற்கு 720. பத்து நிமிடத்திற்கு 7,200. ஒவ்வொன்றையும் முதலில் தாளில் வரைந்து, பின்னர் ஒளி ஊடுருவும் தகட்டில் கோடெடுத்து, பின்புறம் வண்ணந் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடிக்க வேண்டும். சருகுமான் ஒருமுறை தலையைத் திருப்புவதற்குள் ஓவியரின் ஒருநாள் கழிந்துவிடும். கணினி எளிதில் கைக்கு எட்டாத அந்நாளில் இதற்குக் குறுக்குவழி ஏதும் இல்லை.

இத்துணை அரும்பாடுபட்டு முடிக்கப்பட்ட படம், உடனே மக்கள் கண்ணில் படவில்லை. 1978இல் முடிந்த படம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது 1983இல்தான். ஐந்து ஆண்டுகள் அது காத்திருந்தது. 1978இல் பள்ளியில் முதலாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, 1983இல் ஆறாம் வகுப்பை முடித்து வெளியேறியிருக்கும். அக்குழந்தைக்காக வரையப்பட்ட சருகுமான், அதன் தொடக்கப்பள்ளிக் காலம் முழுதும் சுருளுக்குள்ளேயே உறங்கியது என்பதை எண்ணும்போது, முன்னோடிகளின் பாதை எத்தகையது என்பது புலனாகும்.

எனினும், ஒளிபரப்பான பின்னர் வழி திறந்தது. ‘சாங் கஞ்சிலும் குரங்கும்’ 1984இலும், ‘அறிவுள்ள காகம்’ 1985இலும், ‘செருக்குற்ற முயல்’ 1986இலும், ‘சாங் கஞ்சிலும் முதலையும்’ 1987இலும் அதே நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. இவ்வரிசையில் பங்காற்றிய ஹசான் முத்தலிப், பின்னர் 1998இல் ஹங் துவாவின் வீரத்தைப் பொருளாகக் கொண்ட ‘சீலாட் லெகெண்டா’ என்னும் முதல் மலேசிய முழுநீளச் சித்திரப்படத்தை இயக்கினார்.

இந்தியாவின் வரலாறும் இதனோடு ஒத்துப்போவது வியப்பளிக்கும். அங்கும் அரசின் திரைப்படப் பிரிவிலேயே இக்கலை முறையாக வளர்ந்தது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் 1956இல் பம்பாய்க்கு வந்து இந்திய ஓவியர்க்குப் பயிற்சி அளித்தார். அப்பயிற்சியின் பயனாக 1957இல் வெளிவந்த படம் புத்த சாதகக் கதையொன்றைத் தழுவிய ‘ஆலமரத்து மான்’. அங்கு மான், இங்குச் சருகுமான். புதிய கருவி கைக்கு வந்தவுடன் இரு நாடுகளும் தேடிச் சென்றது பழைய காட்டுக் கதையைத்தான். புதுமை தன் முதல் அடியைப் பழமையின் மீதே ஊன்றுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஜொகூர் மண்ணின் இரு தொடர்கள்

குறும்படங்களின் காலம் கடந்து, வாரந்தோறும் வரும் தொடர்களின் காலம் 1995இல் பிறந்தது. அவ்வாண்டு வெளிவந்த ‘ஊசோப் சொந்தோரியான்’ மலேசியாவின் முதல் தொலைக்காட்சிச் சித்திரத் தொடர். ஊஜாங் என்னும் புனைபெயரால் அறியப்பட்ட கேலிச்சித்திரக்காரரின் கருவைக் கொண்டு, காம்ன் இஸ்மாயில் அதனை இயக்கினார். கதை நிகழும் ஊர் ஜொகூரைச் சேர்ந்த பாரிட் சொந்தோ.

‘பாரிட்’ என்னும் சொல் வடிகால் வாய்க்காலைக் குறிக்கும். ஜொகூரின் மேற்குக் கரையில் மூவார், பத்து பகாட், பொந்தியான் வட்டாரங்களில் ‘பாரிட்’ என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, தென்னையும் இரப்பரும் பாக்கும் பயிரிட்ட மக்களின் உழைப்பு அப்பெயர்களில் பதிந்திருக்கிறது. தலைநகரின் உயர்மாடங்களைக் காட்டாமல், வாய்க்கால் ஓரத்துச் சிற்றூரைக் காட்டியமையே அத்தொடரின் வெற்றிக்குக் காரணம். ஈப்போவுக்கு அருகிலுள்ள கம்பத்து வாழ்வை வரைந்த லாட் அவர்களின் ‘கம்போங் பாய்’ 1979இல் நூலாக வந்து, 1997இல் சித்திரத் தொடராகி, 1999இல் பிரான்சு நாட்டு அன்னெசி விழாவில் பரிசு பெற்றதும் இதே உண்மையை நிலைநாட்டும். தன் ஊரை உள்ளபடி காட்டும் கதையே பிற ஊரார் உள்ளத்தையும் தொடுகிறது.

அடுத்து வந்ததே ‘கெலுவாங் மேன்’. இதனையும் காம்ன் இஸ்மாயிலே படைத்தார். 1998இல் ஒளிபரப்பான இத்தொடரின் தலைவன் பொர்ஹான். ஜொகூர் பாருவை அடுத்த தம்போயில் உள்ள மனநோய் மருத்துவமனையின் நோயாளி அவன். பகலில் மருத்துவமனையில் இருப்பான். இரவில் பழந்தின்னி வௌவாலின் உருவம் பூண்டு வெளியேறித் தீயோரை அடக்குவான். ‘தியோங் மேன்’ என்னும் நாகணவாய்ப்புள் வீரன் அவனுக்குத் துணை.

அமெரிக்காவில் 1939இல் பிறந்த வௌவால் வீரனாகிய ‘பேட்மேன்’ கதையின் எள்ளல் வடிவம் இது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால், இரண்டுக்கும் இடையே ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. அமெரிக்கக் கதையில் வீரன் பெருஞ்செல்வன்; மாளிகையில் வாழ்பவன்; அவனால் பிடிபட்ட கொடியவரே மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்படுவர். மலேசியக் கதையிலோ காப்பகத்தில் இருப்பவனே வீரன். செல்வமும் இல்லை, மாளிகையும் இல்லை, மதிப்பும் இல்லை. ஊரார் எவனைப் பைத்தியம் என்று ஒதுக்கினரோ, அவனே ஊரைக் காக்கிறான்.

தம்போய் மருத்துவமனை 1930களில் எழுந்தது. இன்று ‘பெர்மாய்’ மருத்துவமனை என்பது அதன் பெயர். வடக்கே தஞ்சோங் ரம்புத்தான் என்றாலும், சென்னையில் கீழ்ப்பாக்கம் என்றாலும் மக்கள் மனத்தில் என்ன பொருள் தோன்றுமோ, அதே பொருளைத் தம்போய் என்னும் சொல் தெற்கே தந்தது. பள்ளி மாணவர் ஒருவரையொருவர் இகழ்வதற்கும் அச்சொல் பயன்பட்டதுண்டு. ஓர் ஊரின் பெயர் வசைச்சொல்லாக மாறுவது, அவ்வூரில் மருந்துண்டு தேறி வருவோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எத்துணை வேதனை தரும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

இவ்விடத்தில் அத்தொடரின் நன்மையும் குறையும் ஒருங்கே தோன்றுகின்றன. இகழப்பட்டவனை வீரனாக்கியது அதன் நன்மை. ஆயினும், அவனுடைய நோயையே நகைச்சுவைக்குப் பொருளாக்கியதும் உண்மை. சிறுவர்கள் எதை எடுத்துக்கொண்டனர்? வீரனின் துணிவையா, நோயாளியைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கத்தையா? இதற்குரிய விடை, அருகில் அமர்ந்திருந்த பெற்றோரும், மறுநாள் வகுப்பில் நின்ற ஆசிரியரும் என்ன சொன்னார்கள் என்பதைப் பொறுத்தது. கதை பாதி வேலையைச் செய்யும். மீதி வேலை பெரியோருடையது. கால் நூற்றாண்டுக்குப் பின்னர் அதே கதையை மீண்டும் எடுக்கும்போது, மனநோயைப் பற்றிய சமுதாயத்தின் அறிவு வளர்ந்திருக்கிறது. எனவே, பழைய சிரிப்பை அப்படியே திருப்பித் தர இயலாது. மறுபிறப்பெடுக்கும் எந்தக் கதையும் தன் முற்பிறப்பின் குறையைக் கண்டு திருந்தியாக வேண்டும் என்பதே மீளாக்கத்தின் முதல் விதி.

குளுவாங் நகரும் பழந்தின்னிகளும்

‘கெலுவாங்’ என்பது பழந்தின்னி வௌவாலின் மலாய்ப் பெயர். ஜொகூரின் நடுவே அமைந்துள்ள குளுவாங் நகர் இப்பெயராலேயே வழங்குகிறது. ஒரு காலத்தில் மாலை வேளையில் வானத்தை மறைக்கும் அளவுக்கு அவை அங்குக் கூட்டங்கூட்டமாகப் பறந்தன என்பர். சிறகு விரித்தால் ஐந்தடி அகலம் வரை விரியும் இவ்வௌவால், உலகின் மிகப் பெரிய வௌவால் இனங்களுள் ஒன்று.

1909இல் ஜொகூர் இரயில்பாதை முடிவுற்ற பின்னர், காடழிந்து இரப்பர்த் தோட்டங்கள் பரவின. அத்தோட்டங்களில் உழைத்தோருள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெருந்தொகையினர். மலைக்காடுகள் மரவரிசைகளாக மாறின. பின்னர் இரப்பர் செம்பனையாக மாறியது. தங்குவதற்கு மரமும் தின்பதற்குப் பழமும் குறைந்தமையாலும், வேட்டையாடப்பட்டமையாலும் பழந்தின்னிகள் அருகின. நகரின் பெயரில் நிலைத்த உயிரினம் நகரின் வானத்தில் நிலைக்கவில்லை.

இத்தொடர் வெளிவந்த காலத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. 1998இன் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தோன்றிய கொடிய மூளைக்காய்ச்சல், 1999இல் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் புக்கிட் பெலாண்டோக் வரை பரவியது. 265 பேரை நோய் பற்றியது. 105 பேர் மாண்டனர். பத்து இலட்சம் அளவிலான பன்றிகள் அழிக்கப்பட்டன. சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் ‘நிப்பா’ எனப் பெயரிடப்பட்ட அந்நச்சுயிரி, பழந்தின்னி வௌவால்களிடம் இயற்கையாகத் தங்கியிருப்பது பின்னர்க் கண்டறியப்பட்டது. காட்டுப் பழங்களை இழந்த வௌவால், பண்ணையோரப் பழமரங்களை நாடி வந்தது. அது கடித்து எறிந்த பழத்தைப் பன்றி தின்றது. பன்றியிடமிருந்து நோய் மனிதனைச் சேர்ந்தது. ‘பெலாண்டோக்’ என்பதும் சருகுமானின் மற்றொரு மலாய்ப் பெயர் என்பது கருதத்தக்கது.

தொலைக்காட்சியில் வௌவால் வீரனைக் கண்டு குழந்தைகள் கைதட்டினர். செய்தித்தாளில் வௌவாலின் பெயரைக் கண்டு பெற்றோர் அஞ்சினர். இரண்டும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். ஆனால், துரியான் மலர்கள் இரவில் விரிபவை என்பதையும், அவற்றில் மகரந்தம் சேர்ப்பதில் வௌவால் இனங்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் எண்ணினால், வௌவாலை முற்றிலும் கொடியது என்று கூற மனம் வராது. குற்றம் சிறகில் இல்லை. காட்டை இழக்கச் செய்த கையில் இருக்கிறது. ஒரு சிறுவர் கார்ட்டூனின் பெயரிலிருந்து புவியியலும் அறிவியலும் தோட்டப்புற வரலாறும் விரிவதை ஆசிரியர்கள் வகுப்பறையில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தமிழ்க் குழந்தை எங்கே?

ஜொகூரின் தென்பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு தனி வாய்ப்பு இருந்தது. கூரைமேல் உயர்த்திய ஏரியல், கோலாலம்பூர் ஒளிபரப்பையும் சிங்கப்பூர் ஒளிபரப்பையும் ஒருங்கே கொண்டுவந்தது. சிங்கப்பூரில் 1963 முதல் தொலைக்காட்சி உண்டு. தமிழ் நிகழ்ச்சிகளும் அங்கிருந்து வந்தன. ஆயினும், கார்ட்டூன் என்று வந்தபோது தமிழ்க் குழந்தை கண்டவற்றுள் பெரும்பாலானவை பிறமொழியில் பேசின. மிக்கி எலி ஆங்கிலம் பேசியது. ஊசோப் மலாய் பேசினான். கதையின் சிரிப்பைக் குழந்தை புரிந்துகொண்டது. ஆனால், தன் வீட்டுப் பேச்சில் ஒரு சித்திரம் வாய் திறந்து பேசும் மகிழ்ச்சி அதற்கு அரிதாகவே கிட்டியது.

2007இல் தொடங்கிய ‘ஊப்பின் இப்பின்’ தொடர் இவ்வகையில் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. இரட்டையர் இருவரின் தோழர்களுள் ராஜு என்னும் தமிழ்ச் சிறுவனும், அவ்வூரில் உணவுக்கடை நடத்தும் முத்து என்னும் பெரியவரும் இடம்பெற்றனர். 2011இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘படா சமான் டாஹுலு’ தொடரில், பாட்டனார் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லும் விலங்குக் கதைகளாகச் சாங் கஞ்சில் புதிய கணினி வடிவில் திரும்பி வந்தது. 2019இல் வெளிவந்த ‘ஊப்பின் இப்பின்: கெரிஸ் சியாமாங் துங்கால்’ என்னும் முழுநீளப் படம், பழைய நாட்டுப்புறக் கதைமாந்தர் பலரை ஒரே கதைக்குள் கொணர்ந்தது. அவர்களுள் ஒருவன் மாட் ஜெனின். தென்னைமரத்தின் உச்சியில் இருந்துகொண்டே கோழி வாங்கி, ஆடு வாங்கி, பெருஞ்செல்வனாகி, இளவரசியை மணப்பதாகக் கனவு கண்டு, கை நழுவி வீழ்ந்தவன் அவன். பஞ்சதந்திரத்தில் மாவுப் பானையைக் காலால் உதைத்து உடைத்த பார்ப்பனன் கதையை அறிந்த தமிழ் மாணவர், மாட் ஜெனினை அயலான் என்று எண்ணமாட்டார்.

தமிழகத்திலும் இத்துறை மெல்லவே நடைபயின்றது. முப்பரிமாணச் சித்திரப்படமாக இளையராசா இசையுடன் ‘இனிமே நாங்கதான்’ 2007இல் வந்தது. நடிகரின் அசைவுகளைக் கணினியில் பதிவு செய்து உருவாக்கிய ‘கோச்சடையான்’ 2014இல் வந்தது. தெனாலிராமனும் பரமார்த்த குருவும் மரியாதைராமனும் வாழும் மொழியில், குழந்தைகளுக்கெனத் தொடர்ந்து வரும் தரமான சித்திரக் கதைகள் இன்னும் வேண்டும் என்பதை மறுப்பார் இலர்.

இங்கே ஒரு முரண்பாடு தெளிவாகிறது. தமிழிலிருந்து கதையை மலாய்க்குக் கொண்டுசென்றது 1835. இந்திய வேருடைய ஒருவர் மலேசியாவின் முதல் சித்திரக் கதைப்படத்தை உருவாக்கியது 1978. ஆனால், அவ்விரு நிகழ்ச்சிகளும் தமிழ் மாணவரின் நினைவில் இல்லை. அப்துல்லாவின் பெயராவது மலாய்ப் பாடநூல் வழியாக அறிமுகமாகிறது. ஆனந்தம் சேவியரின் பெயரை ஒரு வகுப்பில் கேட்டால், எத்தனை கைகள் உயரும்? உழைத்தவரை மறந்த சமுதாயத்தில், அடுத்து உழைக்க முன்வருவோர் எதைக் கண்டு ஊக்கம் பெறுவர்?

முடிவுரை

பழைய கதையை மீண்டும் எடுப்பதைச் சிலர் கற்பனை வறட்சி என்பர். அக்கூற்று முழு உண்மையன்று. இராமகாதை வால்மீகியோடு நின்றிருப்பின் கம்பர் இல்லை. கோவலன் கண்ணகி கதை நாட்டுப்புறக் கூத்தாக மறுபடி மறுபடி ஆடப்பட்டிராவிடில், ஏடறியாத மக்கள் அதனை அறிந்திரார். கதை மீண்டும் சொல்லப்படுவதில் தவறில்லை. முன்பு சொன்னவரை மறப்பதிலும், முன்பு நேர்ந்த பிழையைத் திருத்தாமல் சொல்வதிலுமே தவறு இருக்கிறது.

மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஜொகூரின் தோட்டப்புறப் பள்ளிகளுள் சில, மாணவர் தொகை குறைந்து நகரங்களுக்கு இடம்பெயர்ந்துவிட்டன. சில இன்றும் செம்பனை மரங்களின் நடுவே மணி அடித்துக்கொண்டிருக்கின்றன. அங்குப் பயிலும் மாணவர் கையில் இன்று இருக்கும் கருவி, 1978இல் ஆனந்தம் சேவியர் கனவிலும் கண்டிராத ஆற்றல் உடையது. அவர் மாதக்கணக்கில் வரைந்தவற்றை ஒரு சில நாள்களில் அசையச் செய்யும் வசதி வந்துவிட்டது. ஆகவே, கருவி இல்லை என்னும் குறை தீர்ந்தது. எஞ்சியிருப்பது கதையைத் தேடும் மனமும், அதைத் தமிழில் பேசவைக்கும் விருப்பமும் மட்டுமே.

அக்கதைகள் தொலைவில் இல்லை. பால்மரக் காட்டில் புலியைக் கண்ட பாட்டன் கதையும், வாய்க்கால் பெருக்கெடுத்தபோது பள்ளிக்கு நடந்த தாயின் கதையும், குளுவாங் வானத்தில் வௌவால் கூட்டம் பறந்ததைக் கண்டோர் நினைவும் முதியோர் நெஞ்சில் இன்னும் இருக்கின்றன. ஆசிரியர் ஒருவர் தம் மாணவரிடம், “வீட்டுப் பெரியவரிடம் ஒரு கதை கேட்டு வா, அதனைப் பன்னிரண்டு படமாக வரைந்து காட்டு” என்று பணித்தால் போதும். பன்னிரண்டு சித்திரங்கள் திரையில் ஒரே ஒரு நொடி. ஆயினும், சருகுமான் முதன்முதலில் தலை நிமிர்ந்ததும் அத்தகைய ஒரு நொடியில்தான்.